கடல்கோளும் கடலடி ஆய்வும்

முன்னுரை

தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் அனைவரையும் முதற்கண் எதிர்கொள்வது கடல்கோள் பற்றிய சிக்கலாகும். முச்சங்க வரலாறு, குமரியாற்றின் இருப்பிடம், பாண்டியர் தொன்மை ஆகிய பலவும் அதனோடு பிணைந்து கிடக்கின்றன. குமரிக்குத் தெற்கே ஒரு பெருங்கண்டம் இருந்து கடலுள் மறைந்தது என்பர் ஒரு சாரார். கடல்கோட் செய்தி முழுவதும் பிற்காலத்தார் புனைவே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கடலடித் தரையைப்பற்றிக் கடந்த நூறாண்டுகளிற் கிடைத்த அளவைகளைப் பெரிதும் நோக்கினாரல்லர். அவ்வளவைகளின் வரலாற்றைத் தொகுத்து, அவை நம் நூற்சான்றுகளைத் தொடும் இடத்தையும் தொடாத இடத்தையும் வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குச் சென்னையின் தென்புறத்து ஊர்களை நாம் நிலைக்களமாகக் கொள்கின்றோம். குமரிநாட்டுக் கருத்தை வளர்த்த புலவர் இருவரைப் பெற்ற சென்னைக் கிறித்தவக் கல்லூரி இன்று தாம்பரத்தில் உள்ளது. கண்டங்கள் பிரிந்தமைக்குச் சான்று பகரும் பாறை பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ளது. கடலடியை அளக்கும் கருவிகளை ஆக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் சாலையில், பள்ளிக்கரணையில் உள்ளது. புலமை, பாறை, கருவி ஆகிய மூன்றும் ஒரு சில கல் தொலைவிற்குள் அமைந்திருத்தல் தற்செயலே. எனினும் மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்க அது நமக்கு வாய்ப்பளிக்கின்றது.

1. நூற்சான்றுகள்

முதற்கண் நூல்கள் கூறுவனவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் காண்போம். புறநானூற்றில் நெட்டிமையார், பஃறுளியாற்று மணலினும் பல ஆண்டுகள் வாழ்கவெனப் பாண்டியன் முதுகுடுமியை வாழ்த்துகின்றார். அவ்வாறு கடல்கொண்டதென்று அப்பாட்டிற் குறிப்பில்லை. சிலப்பதிகாரக் காடுகாண் காதை, பஃறுளியாற்றையும் பல மலைகளையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதெனவும், பாண்டியன் வடதிசையில் நிலம் கொண்டு ஆண்டனன் எனவும் கூறுகின்றது. கலித்தொகையின் முல்லைப் பகுதியும், தன் நிலத்தைக் கடல் கொள்ளப் பாண்டியன் பகைவர் நாட்டை வென்று ஈடு செய்தமையைச் சுட்டுகின்றது. மணிமேகலை புகார்நகரைக் கடல் கொண்ட செய்தியைத் தருகின்றது. இறையனார் களவியலுரை தலைச்சங்கத்து மதுரையும் இடைச்சங்கத்துக் கபாடபுரமும் கடல்கொள்ளப்பட்டன என உரைக்கின்றது. பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே எழுநூற்றுக் காவதப் பரப்பில் 49 நாடுகள் இருந்தன எனச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் விரிக்கின்றார்.

இச்சான்றுகளை வரிசைப்படுத்தி நோக்கின் இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, காலம் தாழத் தாழ இழந்த நிலத்தின் அளவு பெருகுகின்றது. செய்யுள்கள் ஓர் ஆற்றையும் ஒரு கோட்டையும் சில மலைகளையும் சுட்டுகின்றன. 12 அல்லது 13 ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் உரையாசிரியரோ 49 நாடுகளைச் சுட்டுகின்றார். இரண்டாவது, இவற்றுள் யாண்டும் 'கண்டம்' என்னும் சொல் ஆளப்படவில்லை. நூல்கள் கூறுவன ஆறும் மலையும் நகரும் நாடுமே. குமரிகண்டம் என்னும் பெயர் கந்தபுராணத்து அண்டகோசப் படலத்தில் வருகின்றதெனினும், ஆண்டு அது பரதகண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்றன் பெயராகவே நிற்கின்றது. கடலுள் மறைந்த நிலத்தின் பெயராக நிற்கவில்லை. அங்ஙனமாயின் கண்டம் எங்கிருந்து வந்தது?

2. லெமூரியாவின் வரவு

1864 ஆம் ஆண்டில் ஆங்கில விலங்கியலறிஞர் பிலிப் சிகிளேட்டர், மடகாசுக்கர்த் தீவின் விலங்குகளைப்பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். லெமூர் என்னும் விலங்கினம் அத்தீவில் மிகுதியாக வாழ்கின்றது. அதன் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ளன. நம் நாட்டுத் தேவாங்கும் அவ்வுறவினதே. கடலை நீந்திக் கடக்கவியலாத இவ்விலங்குகள் இத்துணைத் தொலைவிற் பரவியமைக்குக் காரணம் காட்ட, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்து மறைந்தது என அவர் கருதி, அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். நிலங்கள் இடம்பெயரும் என்று எவரும் எண்ணாத காலம் அது. ஆதலின், நிலையாக நிற்கும் இரு கரைகளை இணைக்க ஒரு பாலம் வேண்டுமாயின், அப்பாலம் பின்னர் அமிழ்ந்தது எனக் கொள்வதன்றி அவர்க்கு வேறு வழி இருந்திலது. செருமானிய அறிஞர் எக்கல் அந்நிலத்தையே மாந்தன் தோன்றிய இடமாகக் கொண்டார். 1875 இல் பிளான்போர்டு, இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த ஒரு பழங்கண்டத்தைத் தொல்பயிர்ச் சான்றுகளால் நிறுவ முயன்றார்.

இக்கருத்துத் தமிழ்ப் புலமையுலகை அடைந்த காலத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவர் பரிதிமாற் கலைஞர் எனப்படும் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார். 1903 இல் வெளிவந்த அவர்தம் 'தமிழ் மொழியின் வரலாறு' என்னும் நூலில் குமரிநாடு என்னும் வழக்கு இடம் பெற்றது. அவரோடு அக்கல்லூரியில் 1898 முதல் பணியாற்றிய மறைமலையடிகள், 1911 இல் பணியினின்று விலகிப் பல்லாவரத்தில் குடியேறி, 1950 இல் மறையுங்காறும் ஆண்டே வாழ்ந்தார். அக்காலத்து நகருள் இருந்த கல்லூரி 1937 இல் தாம்பரத்துக்கு மாறியது. பின்னர், கா. அப்பாத்துரையார் 'குமரிக்கண்டம் அல்லது கடல்கொண்ட தென்னாடு' என்னும் நூலை இயற்றினார். இங்ஙனம் நாடு கண்டமாயிற்று. விலங்கியலார் ஒரு விலங்கின் பரவலை விளக்கக் கொண்ட கருதுகோள், தமிழரது பழங்கேள்விக்கு அரணாக வந்து பொருந்தியது.

இதனை அப்புலவர்தம் குறையாக நாம் கொள்ளுதல் தகாது. அவர்கள் தம் காலத்து அறிவியல் கூறியதை ஏற்றனர். தம் நூலறிவை அறிவியலோடு பொருத்த முனைந்த அவர்தம் முயற்சி போற்றத்தக்கதே. ஆனால் எந்த அறிவியலைச் சான்றாகக் கொண்டனரோ அவ்வறிவியல் பின்னர்த் தன் கருதுகோளைத் தானே கைவிட்டது. அதனை அறிந்த பின்னரும் பழைய கருத்தைப் பற்றி நிற்பது அவர்கள் காட்டிய நெறிக்கு மாறானது.

3. பல்லாவரத்துக் கல்

லெமூரியாக் கட்டுரை வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 1863 மே மாதம் 30 ஆம் நாள், இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலறிஞர் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டு மாந்தன் தொன்மை ஆராய்ச்சி அந்நிகழ்ச்சியினின்றே தொடங்குகின்றது. அவ்வூரின் பாறையும் அத்துணைப் புகழுடையது. கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவராகக் கூறப்படும் சார்னோக்கு என்பாரின் கல்லறைக் கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டதாகும். அக்கல்லை 1893 இல் ஆராய்ந்த தாமசு ஆலந்து, அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட்டு எனப் பெயர் சூட்டினார். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஊர்களிற் காணப்படும் குன்றுகள் இப்பாறையாலானவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தே மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருப்பெற்ற பாறை இது. பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் அளவைத்துறை தேசிய நிலவியற் சின்னமாக அறிவித்துள்ளது.

இப்பாறையினத்தைச் சேர்ந்ததொரு வகை தென்முனைக் கண்டத்தின் எண்டர்பி நிலப்பகுதியிலும் உண்டு. அதற்கு அந்நிலத்தின் பெயராலேயே 1936 இல் பெயரிடப்பட்டது. இன்று பல்லாயிரம் கிலோமீட்டர்க் கடல் இடைகிடக்கும் இரு நிலங்களில் ஒத்த பாறைகள் காணப்படுதற்குக் காரணம் யாது? இடையிலிருந்த நிலம் அமிழ்ந்தது என்பது ஒரு விடை. இரு நிலங்களும் ஒட்டியிருந்து பின் விலகின என்பது மற்றொரு விடை. 1912 முதல் வெகனர் இரண்டாவது விடையை வற்புறுத்தி வந்தார். எவ்விடை பொருந்தும் என்பதைக் கரையிலிருந்து முடிவு செய்ய இயலாது. இடையிலுள்ள கடலின் அடித்தளமே அதற்குச் சான்று பகரவேண்டும்.

4. கடலடி அளவையின் வளர்ச்சி

கடலின் ஆழத்தை ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அளந்த காலத்தில் ஓரிடத்து ஆழத்தை அறியவே பல மணி நேரம் செல்லும். எதிரொலிக் கருவி வந்த பின்னர், கப்பல் செல்லுந்தோறும் அடித்தரையின் மேடுபள்ளம் தொடர்ந்து பதிவாகலாயிற்று. 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய தானா என்னும் தேனிசு நாட்டுக் கப்பல், அரபிக்கடலின் நடுவே ஒரு நெடிய மலைத்தொடரைக் கண்டது. அது கார்ல்சுபர்க்குத் தொடர் எனப் பெயர் பெற்றது. 1933 – 34 இல், இந்திய விலங்கியல் அளவைத்துறையிற் பணியாற்றிய செய்மூர் சீவெல் தலைமையில், மபாகிசு என்னும் எகிப்தியக் கப்பல் அத்தொடரை மேலும் ஆராய்ந்தது. அதன் முகட்டின் நடுவே பள்ளத்தாக்கொன்று ஓடுதலையும், அது கிழக்காப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கை ஒத்திருத்தலையும் அவர் குழுவினர் கண்டனர். அப்பள்ளத்தாக்கின் பொருள் அன்று விளங்கவில்லை.

இதே காலத்தில், ஆலந்து நாட்டு அறிஞர் வெனிங் மெய்னசு நீர்மூழ்கிக் கப்பல்களில் ஊசற்கருவியைக் கொண்டு சென்று நிலத்தின் ஈர்ப்பை அளந்தார். அலையின் அசைவு தாக்காத ஆழத்திலேயே அக்கருவி செவ்வனே இயங்கும். சுமத்திரா, சாவா தீவுகளின் புறத்தே, ஆழ்கடல் அகழியை ஒட்டி ஈர்ப்பு மிகக் குறைந்த ஒரு நெடும்பட்டை உண்டென அவர் கண்டார். நிலத்தோடு ஏதோ ஒன்று அங்கே கீழ்நோக்கி இழுக்கப்படுகின்றது என்பதே அதன் கருத்து. அப்பட்டையின் பொருளை நம் கடற்கரை 2004 இல் உணர்ந்தது.

1959 முதல் 1965 வரை நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடற் பயணம் இவ்வரலாற்றில் தலையாயதாகும். நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதில் ஈடுபட்டன. இந்தியக் கடற்படையின் கிருட்டிணா என்னும் கப்பலும் அவற்றுள் ஒன்று. 1966 இல் தோன்றி, இன்று கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் இப்பயணத்தின் விளைவேயாகும். அப்பயணக் காலத்தே, 1962 இல் ஓவன் என்னும் ஆங்கிலக் கடற்படைக் கப்பல் கார்ல்சுபர்க்குத் தொடரின் மேல் காந்தமானியை இழுத்துச் சென்றது. கடலடிப் பாறையின் காந்தப்புலம் ஓரிடத்தில் மிகுந்தும் அடுத்த இடத்தில் குறைந்தும் பட்டை பட்டையாக மாறி வருதலை அது பதிந்தது. அவ்வளவைக்குப் பொறுப்பாக இருந்தவர் துரமண்டு மேத்யூசு. அவரும் அவர் மாணவர் பிரடு வைனும் 1963 இல் அதற்கு விளக்கம் தந்தனர்.

அவ்விளக்கம் வருமாறு: முகட்டுப் பள்ளத்தாக்கின் வழியே எரிகுழம்பு மேலெழுந்து இறுகிப் புதுத்தரையாகின்றது. இறுகும்போது அன்றைய நிலவுலகக் காந்தத்தின் திசையைத் தன்னுட் பதித்துக் கொள்கின்றது. காந்தத்தின் வடக்கும் தெற்கும் நெடுங்கால இடையீட்டில் மாறுதலின், முகட்டின் இருபுறத்தும் மாறுபட்ட பட்டைகள் அமைகின்றன. புதுத்தரை பிறக்கப் பிறக்கப் பழைய தரை இருபுறமும் விலகிச் செல்லும். மரத்தின் வளையங்களைக் கொண்டு அதன் அகவையை அறிவதுபோல, இப்பட்டைகளைக் கொண்டு கடற்றரையின் அகவையை அறியலாம்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. லெமூரியா அமிழ்ந்ததாகக் கருதப்பட்ட கடற்பரப்பின் நடுவிலேயே இவ்வளவை நிகழ்ந்தது. மறைந்த கண்டத்தைத் தேடியவர்க்கு விடையளிக்க வேண்டிய அத்தரை, தான் பிறந்த வகையைத் தானே எழுதி வைத்திருந்தது. 1971 இல் தான் மெக்கன்சியும் சான் சிகிளேட்டரும் இந்தியப் பெருங்கடல் உருவான வரலாற்றைப் பட்டை பட்டையாக வகுத்துக் காட்டினர். லெமூரியாவுக்குப் பெயரிட்டவரின் குடிப்பெயரையே, அதன் தேவையை இல்லாமற் செய்தவருள் ஒருவரும் தாங்கியிருத்தல் வியப்பே.

5. குமரிக்குத் தெற்கிலுள்ள தரை

இவ்வளவைகளாற் பெறப்படும் முடிவுகளைச் சுருங்கக் கூறுவோம். கண்டத்தின் மேலோடு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தடிப்பும் எடைக் குறைவும் உடையது. கடலடி மேலோடு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடிப்பும் எடை மிகுதியும் உடையது. செயற்கையாக எழுப்பிய அதிர்வலைகள் பாறை அடுக்குகளூடே செல்லும் விரைவால் இவ்வேறுபாட்டை அறியலாம். எடை குறைந்த கண்டம், நீரில் மரம் மிதப்பதுபோல, அடியிலுள்ள செறிந்த பொருளின்மேல் மிதந்து நிற்கின்றது. அது 4,000 மீட்டர் ஆழத்திற்கு முழுதும் அமிழ்ந்து ஒழிதல் இயலாது. குமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே விரிந்து கிடக்கும் ஆழ்கடற்படுகை கடலடி மேலோட்டாலானதே. இந்தியாவின் கிழக்குக்கரை தென்முனைக் கண்டத்தினின்று ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும், மேற்குக்கரை மடகாசுக்கரினின்று ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும் பிரிந்தன. பல்லாவரத்துக் கல்லுக்கும் எண்டர்பிக் கல்லுக்கும் உள்ள உறவு இதனால் விளங்கும். பாலம் அமிழவில்லை, கரைகளே விலகின.

மறைந்த நிலமே கடலில் இல்லையோ எனின், உண்டு. 1972 இல் குளோமர் சேலஞ்சர் என்னும் துளையிடு கப்பல், வங்கக் கடலினின்று தெற்கே நீளும் தொண்ணூறு பாகைக் கிழக்குத் தொடரிற் பழுப்பு நிலக்கரியையும் ஆழமற்ற நீரில் வாழும் உயிர்களின் எச்சங்களையும் கண்டது. அத்தொடர் ஒரு காலத்து எரிமலைத் தீவுகளாய் நீர்மேல் நின்று பயிர் வளர இடந்தந்தது என்பது இதனாற் பெறப்படும். மொரீசியசு மணலிற் கிடைத்த மிகப் பழைய கனிமத்துகள்களைக் கொண்டு, அத்தீவின் அடியில் ஒரு சிறு கண்டத்துண்டு மறைந்து கிடக்கின்றது என 2013 இல் ஆய்வாளர் கூறினர். ஆயின் இவையெல்லாம் மாந்தன் தோன்றுதற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டவை. ஆண்டு நின்று பாடிய புலவரும் இலர். கேட்ட பாண்டியரும் இலர்.

குமரிமுனையினின்று தென்தென்கிழக்காகக் கடலடியில் ஒரு மலைத்தொடர் ஓடுகின்றது. அறிவியலார் அதனையும் குமரித் தொடர் என்றே அழைக்கின்றனர். இப்பெயரைக் கண்டு சிலப்பதிகாரத்துக் குமரிக்கோடு கிடைத்ததென மகிழ்தல் கூடாது. மடகாசுக்கர் பிரிந்த ஊழியோடு தொடர்புடையதாகக் கருதப்படும் அத்தொடர் ஆழ்கடலுட் கிடப்பது; பெயர் ஒத்தமையால் பொருள் ஒத்தது ஆகாது.

6. கண்டத்திட்டும் கடல்மட்டமும்

இனி, நூற்சான்றுகளுக்கு நிலவியலில் இடமே இல்லையோ எனின், அங்ஙனம் முடித்தலும் பிழையாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகநீரிற் பெரும்பகுதி பனிப்பாளமாய் உறைந்திருந்தமையால், கடல்மட்டம் இன்றையதினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகவுருகக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய மட்டத்தை அணுகியது. தாழ்ந்த காலத்தே தமிழகக் கரையை அடுத்த கண்டத்திட்டு வறண்ட நிலமாகக் கிடந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை தரையாயிருந்தது. இலங்கை தமிழகத்தோடு ஒன்றியிருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே இன்று மீன்வளம் மிக்க ஆழமற்ற கடல்மேடையும் நிலமாகவே இருந்தது.

இந்நிலம் மறைந்தது உண்மை. அதனைக் கடல் கொண்டதும் உண்மை. ஆனால் அளவு வேறு. ஒரு காவதத்தை ஒரு மைலாகச் சுருக்கிக் கொள்ளினும் 700 காவதம் 700 மைலாகும். கண்டத்திட்டு அத்துணை நீளாது; அதன் விளிம்பைத் தாண்டிய அளவிற் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திற்கு இறங்கிவிடும். ஆகவே செய்யுள்கள் கூறும் ஆற்றுக்கும் மலைக்கும் கண்டத்திட்டில் இடம் காணல் கூடும். உரை கூறும் 49 நாடுகளுக்கு ஆண்டு இடமில்லை. காலத்தால் முந்திய சான்று நிலத்தோடு முரணவில்லை என்பதும், பிந்திய விரிவே முரணுகின்றது என்பதும் இலக்கிய ஆராய்ச்சியாளர் ஊன்றி நோக்கத்தக்கன.

எனினும் கடல் ஏறிய காலத்திற்கும் நம் செய்யுள்களின் காலத்திற்கும் இடையே பல்லாயிரம் ஆண்டுகள் உள்ளன. வாய்மொழிக் கேள்வி அத்துணைக் காலம் நின்று நிலவுமோ என்பது தனியே ஆராய்தற்குரியது. அணித்தான காலத்து நிகழ்ச்சியொன்றும் அச்செய்யுள்களுக்குக் காரணமாயிருத்தல் கூடும். அதனை அடுத்துக் காண்போம்.

7. கடல்கோளின் மற்றொரு வகை

2004 திசம்பர் 26 ஆம் நாள் காலை, சுமத்திராவின் புறத்தே, மெய்னசு ஈர்ப்புக் குறைவு கண்ட அப்பட்டையை ஒட்டி, 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. இந்தியப் புவித்தட்டு கீழே அமிழும் எல்லை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளந்தது. இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை சென்னைக் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் முதலாய ஊர்கள் பேரழிவுக்குள்ளாயின. கடல்கோள் என்னும் பழஞ்சொல் அன்று மீண்டும் மக்கள் வழக்கில் உயிர் பெற்றது. புகாரைக் கடல் கொண்டதென்னும் மணிமேகலைச் செய்தியைப் புனைவெனத் தள்ளியோர் அன்று சிந்திக்கலாயினர். மெல்ல ஏறும் கடல்மட்டத்தை 'கொண்டது' என்று கூறுதலினும், ஒரு நாளிற் பாய்ந்த பேரலையை அங்ஙனம் கூறுதல் சொல்லுக்கு மிகவும் பொருந்தும்.

குமரிக்குத் தெற்கிலுள்ள தரையும் அமைதியுற்றதன்று. அதிர்வலை அளவைகளில் ஆண்டுக் கடலடித் தரை, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் இடைவெளியில் மடிப்பு மடிப்பாக வளைந்திருத்தல் காணப்பட்டது. வடக்கே இமயத்தை முட்டி நிற்கும் நிலப்பகுதி பின்னிருந்து தள்ளப்படுதலால் தட்டின் நடுவே நெரிவு உண்டாகின்றது. 2012 ஏப்பிரல் 11 ஆம் நாள் சுமத்திராவுக்கு மேற்கே, தட்டின் உட்பகுதியிலேயே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. சென்னையிலும் அதன் அதிர்வு உணரப்பட்டது.

பள்ளிக்கரணைக் கழகத்தின் பணி இவ்விடத்தே வரலாற்றோடு சேர்கின்றது. 1993 இல் தோன்றிய அக்கழகம் சாகர்நிதி முதலிய ஆய்வுக் கப்பல்களை இயக்குகின்றது. கடலடியில் வைக்கப்படும் அழுத்தமானிகளையும் அவற்றோடு இணைந்த மிதவைகளையும் வங்கக் கடலில் நிறுவியது. ஆழ்கடலின்மேற் பேரலை கடந்து செல்லுங்கால் கண்ணுக்குப் புலனாகாது. அடியில் ஏற்படும் சிறிய அழுத்த மாற்றத்தை அக்கருவி உணர்ந்து அறிவிக்கும். 2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை நடுவம் அச்செய்தியைப் பெறுகின்றது. அடுத்த கடல்கோளுக்கு முன் நம் மக்களுக்குக் கிடைக்கும் நேரம் அத்தகைய அளவைகளையே பொறுத்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பின்வரும் முடிவுகள் பெறப்படும். சங்கச் செய்யுள்களும் சிலப்பதிகாரமும் கூறும் கடல்கோள், நிலவியலுக்கு முரணானதன்று. கடலுள் அமிழ்ந்த கண்டம் என்னும் கருத்து, ஐரோப்பிய விலங்கியலிற் பிறந்து நம் நூற்சான்றோடு பின்னர் ஒட்டப்பெற்றது. கடலடி அளவைகள் மறுப்பது அவ்வொட்டைத்தானேயன்றி நூலை அன்று. ஆகவே கண்டத்தை இழப்பதனால் தமிழ் இழப்பது ஒன்றுமில்லை.

தமிழாராய்ச்சித் துறையினர் இனிச் செய்யவேண்டுவன மூன்று. ஒன்று, கடல்கோட் சான்றுகளைக் காலமுறைப்படுத்தி, மூலம் வேறு, உரை வேறு, இருபதாம் நூற்றாண்டு விளக்கம் வேறு எனப் பிரித்துப் பதிப்பித்தல். இரண்டு, கரையோர ஊர்களில் வழங்கும் கடல்கொண்ட கோயில், கடல்கொண்ட தெரு ஆகிய வாய்மொழிச் செய்திகளை ஊர்தோறும் தொகுத்தல். மூன்று, பூம்புகார், மாமல்லபுரம், மன்னார் வளைகுடா ஆகிய ஆழமற்ற கடற்பகுதிகளிற் கடலியலார் நடத்தும் அளவைகளைக் கற்று, அவரோடு கூடியிருந்து ஆராய்தல். தாம்பரத்துக் கல்லூரியும் பள்ளிக்கரணைக் கழகமும் ஒரே சாலையாற் பிணைக்கப்பட்டவை. தமிழ் கற்பாரும் கடல் அளப்பாரும் அச்சாலையிற் சந்திப்பாராயின், குமரியைப்பற்றிய நம் அறிவு விருப்பத்தினின்று விலகிச் சான்றின்மேல் நிலைபெறும்.